கரையான் அரித்த பதிவேடு

நமக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த பாயை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், நம் பழைய டீமின் சென்டர் ஃபார்வர்ட், வாட்ஸ்அப் குழுவில் மூன்று சொற்களைப் போட்டிருந்தான். பணிவு, இறைநம்பிக்கை, அமைதியான உறுதி. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ரைட் பேக் மட்டும் ஒரு வரி சேர்த்தான்: "அம்புட்டும் உண்மை. அந்த அக்கா மகன் விஷயம் ஒண்ணத் தவிர." அதற்கும் உங்களில் இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள்.

நான் எதுவும் போடவில்லை. நாற்பது வருடமாக அந்த விஷயத்தில் நான் வாய் திறந்ததில்லை.

பத்திரிகையில் செய்தி மேஜையில் இருந்தவரை, இந்த மாதிரிச் சொற்களை அடித்துவிட்டு ஓரத்தில் 'என்ன செய்தார்?' என்று எழுதி நிருபருக்குத் திருப்பி அனுப்புவது என் வேலை. பாயைப் பற்றி அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நம்மில் நான் ஒருவன்தான். எழுத அசதியாக இருக்கிறது. முழங்காலும் கண்ணும் முன்போல இல்லை. ஆனால் இனி யாருக்காகவும் மறைக்க வேண்டியதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும்.

பாய் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் தினமும் தோல் அலசி அலசி, அவருடைய கைகள் முழங்கைவரை செம்மண் நிறத்தில் இருக்கும். அதற்கு மேல் வேறு நிறம். யாருடைய உடம்பிலோ இருந்து வாங்கி மாட்டிக்கொண்ட கைகள் போல இருக்கும். சாயங்காலம் நாலரைக்கு சைக்கிளில் வருவார். கேரியரில் நமக்குத் தண்ணீர்க் குடம். ஹேண்டில்பாரில் துணிப்பைக்குள் பந்து. பந்தின் தையல் பிரிந்தால் அவரே தைப்பார், கொழுப்பு தடவி வைப்பார். மழையில் ஊறிக் கனத்த அந்தப் பந்தைத் தலையால் முட்டியவனுக்கு அன்றைக்குப் பாடம் ஏறாது. கயிறு கட்டிய பக்கம் நெற்றியில் பட்டால் அச்சு விழும்.

திண்டுக்கல் கோட்டைப் பாறையின் நிழல் சாயங்காலத்தில் மைதானத்தைப் பாதி மூடும். மீதிப் பாதியில் தரை சுடும். நாம் எல்லோரும் வெறுங்கால். அதனால் முதல் பத்து நிமிடம் பந்து கிடையாது. வரிசையாக நின்று குனிந்து கல் பொறுக்க வேண்டும். அவரும் நம்மோடு பொறுக்குவார். ஒரு நாள் லெஃப்ட் அவுட் அவரை 'சார்' என்று கூப்பிட்டான். "ஏலே, சாரு பள்ளிக்கூடத்துல இருப்பாரு. நான் தோல் அலசுறவன். பாய்னே கூப்புடு" என்றார்.

மஃரிப் நேரமானால் கார்னருக்கு அப்பால் துண்டை விரித்துத் தொழுவார். ஆட்டம் நிற்காது. ஒரு தடவை அவர் நெற்றி தரையில் இருந்த நேரத்தில், சென்டர் ஃபார்வர்ட் அடித்த பந்து நேராகப் போய் முதுகில் விழுந்தது. நாம் பதினாறு பேரும் உறைந்து நின்றோம். அவர் அசையவில்லை. நிதானமாகத் தொழுது முடித்தார். துண்டை உதறி மடித்தார். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"யாரு அடிச்சது?"

எல்லோர் கண்ணும் சென்டர் ஃபார்வர்ட் பக்கம் போனது.

"போஸ்ட்டு அங்குட்டு இருக்கு. நான் இங்குட்டுல்ல தொழுதுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு பந்தை உருட்டிவிட்டார்.

தப்புச் செய்தவனை அவர் அடித்ததில்லை. "ஒரு சுத்து போய்ட்டு வருவமா?" என்பார். மைதானத்தைச் சுற்றி அவனோடு நடப்பார். ஒன்றும் பேச மாட்டார். பாதிச் சுற்றிலேயே பயலுக்குத் தாங்காது, செய்ததை எல்லாம் அவனே ஒப்பித்துவிடுவான். பள்ளிக்கூடத்துப் பிரம்பைவிட அந்த நடைக்குத்தான் நாம் அதிகம் பயந்தோம்.

அவருடைய அக்கா மகன் நம்மோடு ஆடினான். ரிசர்வ் கீப்பர். நான் கீப்பர். கை நீளம் என்பதால் அந்த இடம் எனக்குக் கேள்வியே இல்லாமல் கிடைத்தது. அவன் உட்கார்ந்திருப்பான். பாய் அவனை நம் எல்லோரையும்விட இரண்டு சுற்று கூடுதலாக ஓடவிடுவார். "மாமன் டீமுல ஒட்டிக்கிட்டு வந்துட்டான்னு ஒருத்தன் சொல்லிறக் கூடாதுல்ல" என்பார். அவன் முறைத்துக்கொண்டே ஓடுவான்.

மதுரையில் பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான போட்டி வந்த வருடம் அது. ஆகஸ்டு மாதம், நோன்பும் அதே மாதத்தில். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க இரண்டு அதிகாரிகள் வந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். எடுபட்டால் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, ஒரு ஜோடி பூட்ஸ். மற்றதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பூட்ஸை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. கீப்பர் இடத்துக்கு என்னை எடுப்பார்கள் என்று நாம் அனைவரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். நீங்கள் எனக்குப் 'பூட்ஸ்காரன்' என்று பேர்கூட வைத்துவிட்டீர்கள்.

விண்ணப்பத்தில் பிறந்த தேதி எழுத வேண்டிய இடத்தில் தகராறு வந்தது. பள்ளிக்கூடத் தேதிப்படி எனக்குப் பதினான்கு முடிந்து இரண்டு மாதம். அம்மா சொல்லும் தேதிப்படி பதினான்கு நிறைய இன்னும் இரண்டு மாதம்.

அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. ஹெட்மாஸ்டர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். எனக்கு அப்போது ஐந்து நிறையவில்லை, கை நீளமானதால் காது எட்டிவிட்டது என்பது எங்கள் வீட்டுப் பெருமைகளில் ஒன்று. இன்னும் இருந்தன. அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்து, பட்டறைக்காரர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்ததால், அம்மா என்னைத் தன் தாய்வீட்டில் வைத்து வளர்த்துவிட்டுத் தாமதமாகத்தான் திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்தாள். வந்தபோது எனக்கு ஒன்றரை வயது என்று சொன்னார்கள். ஒன்றரை வயதில் நான் முழு வாக்கியம் பேசினேன், தெருக்குழாயைத் திறந்து மூடினேன், பட்டறைச் சாவிகளை அளவு பார்த்து அடுக்கினேன் என்று தெருவே சொல்லும்.

கிளப் அறையில் செயலாளர், அப்பா, பாய் மூவரும் பேசினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எனக்காகத்தான் பேசுகிறார்கள் என்பதால் யாரும் விரட்டவில்லை.

"இதுல என்ன பாய் இருக்கு? ஒங்க அக்கா மகன் பேருல இவன எறக்கிருவோம்" என்றார் செயலாளர். "அங்க யாரு அளந்து பாக்கப் போறா? மதுரைக்கு வர்ற டீமு பாதி அப்படித்தான். போன வருஷம் பேக்கு ஆடுன ஒருத்தன் மீசைய மழிச்சுட்டு வந்தான். மூக்குக்குக் கீழ பச்சையா தெரியுது. ரெஃப்ரியே சிரிச்சுட்டாரு."

"வயசுல பொய் இல்லையே பாய்" என்றார் அப்பா. "பேருலதான."

பாய் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார். பிறகு, "பொய்ப் பேருல நின்னா, இவன் புடிக்கிற பந்தெல்லாம் அந்தப் பேருக்குத்தானண்ணே போகும்? நாளைக்கு விடுதிக்கு ஆள் எடுத்தா யாரக் கூப்புடுவாங்க?" என்றார்.

"அதப் பொறவு பாத்துக்கலாம்."

"என்னால ஆகாதுங்க. நோன்ப வச்சுக்கிட்டு பொய்க் கையெழுத்துப் போட முடியாது."

"நோன்பு இல்லாட்டி போடுவீகளாக்கும்?" என்று செயலாளர் கிண்டலாகக் கேட்டார்.

"அப்பயும் மாட்டேன். இப்ப நெசமாவே மாட்டேன்" என்று பாயும் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "வயசு உண்மைன்னா அதுக்குக் காயிதம் இருக்கும்ணே. மூத்த புள்ள. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான நடந்திருக்கும்? அந்த ஊரு முன்சீப்புகிட்ட பொறப்புப் புத்தகம் இருக்கும்ல. நகல் வாங்கிட்டா பள்ளிக்கூடத் தேதியப் பத்திக் கவலை இல்ல. நானே போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

"அதெல்லாம் எழுதுனாகளோ என்னமோ" என்று அப்பா எழுந்துவிட்டார்.

மறுநாள் பாய் ஊர்ப் பெயர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதும்போல வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டால், "கையில தோல் நாத்தம் தங்கச்சி" என்று சொல்லிவிடுவார். அம்மா முறத்தில் உளுந்து போட்டுக் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு பாய் நோன்போட அம்புட்டுத் தூரம் அலையிறீங்க? இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் போறான்."

"அடுத்த வருஷம் பதினாலு தாண்டிருமே."

அம்மா அதே பிடி உளுந்தை முறத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மூன்று முறை தள்ளினாள். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். "ரெட்டியார்சத்திரத்துல எறங்கி தெக்க நடக்கணும் பாய். ஒரு மைல்தான். கிணத்தடி வீடு, யாரக் கேட்டாலும் சொல்லுவாக" என்று வழியும் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்காகக் கோபப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவர் போனார். அன்று பகல் முழுக்க நான் தெருமுனையிலேயே இருந்தேன். அப்பா பட்டறை இல்லாத நாளிலும் ஒரு பழைய பூட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா சமைத்ததில் உப்பு இல்லை. இருந்ததைச் சாப்பிட்டோம்.

பொழுது சாயும் நேரத்தில் பாய் வந்தார். முழங்கால்வரை புழுதி. உதடு வெடித்திருந்தது. அப்பாவும் அம்மாவும் வாசலுக்கு வந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நிலைப்படியைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த வருஷப் புத்தகத்தக் கரையான் அரிச்சிருச்சுண்ணே. ஒண்ணும் தெரியல."

அம்மா சட்டென்று உள்ளே போனாள். எனக்காக அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு செம்புத் தண்ணீரும் இரண்டு சிறுமலை வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் சங்கு ஊதியது. பாய் வாசலில் நின்றபடியே பழத்தைக் கடித்து, தண்ணீரைக் குடித்தார். அம்மா, "பாய்..." என்றாள்.

"வாரேன் தங்கச்சி" என்று செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மைதானத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு சுற்று நடந்தார். இந்தத் தடவை பேசியது அவர்தான். "மதுரைக்கு நீ வர முடியாதப்பு. ஒன் மேல தப்பு இல்ல. கோவம் வரும். வந்தா எம்மேல வச்சுக்க. வேற யார் மேலயும் வேணாம்."

அவர் கொடுத்த அனுமதியை நான் முழுவதுமாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

மதுரையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். கோல் போஸ்ட்டில் அவருடைய அக்கா மகன் நின்றான். முதல் கோல் தூரத்திலிருந்து அடித்தது. அதை நானும் பிடித்திருக்க மாட்டேன். இரண்டாவது கோல், இடது பக்கமாகத் தரையோடு உருண்டு வந்த பந்து. வேகமே இல்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதி அதிகாரிகள் இடைவேளையிலேயே வேறு மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மாமனுக்கு மருமகன் மேல பாசம். அவன் நிக்கணும்னா எம்மகன் ஒதுங்கணும்ல. புத்தகத்தக் கரையான் தின்னுருச்சாம்."

செயலாளர், "பேர மாத்தி எறக்க மாட்டேன்னு அம்புட்டு நியாயம் பேசுனது இதுக்குத்தானா பாய்?" என்றார்.

பாய் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து மிச்சத்தை ஊற்றிவிட்டு, "ஏலே, எல்லாரும் வந்துட்டீகளா? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அந்தப் பையனுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி, "ஒங்க மாமன் போட்ட பிச்சைலதான நின்ன? ஒழுங்கா நிக்கக் கூடாதாடா?" என்றேன். நீங்கள் சிலர் சிரித்தீர்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை.

அடுத்த வாரம் கிளப்பிலிருந்து பாயை விலக்கினார்கள். பந்து வைக்கும் பெட்டிச் சாவி அவரிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை. பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். அதைச் செய்து கொடுத்தவர் என் அப்பா.

பாய் மறுநாளும் நாலரைக்கு வந்தார். பந்து இல்லை, பையன்கள் இல்லை. கொஞ்ச நேரம் கல் பொறுக்கினார். தொழுதார். போனார். பிறகு சில வருடம் அவர் வரவில்லை. புதிய நிர்வாகம் வந்து, வேறு ஆள் கிடைக்காமல் அவரைத் திரும்பக் கூப்பிட்டது, அதற்குப் பிறகு அவர் கையில் எத்தனை பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். அடக்கத்துக்கு வந்த கூட்டம் அவர்கள்தான்.

கிராம முன்சீப் பதவியை அரசாங்கம் ஒழித்துச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம், நான் புதிதாக நிருபர் வேலையில் சேர்ந்திருந்தேன். பழைய முன்சீப்புகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அம்மாவின் ஊர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. முன்சீப் வயதானவர். சர்க்கார் புத்தகங்களை ஒப்படைத்துவிட்டு, தன் கைப்பட எழுதிய பிரதிகளை ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். பேச்சு முடிந்து கிளம்பும் நேரத்தில், விளையாட்டாக, "கரையான் அரிச்சது எந்த வருஷத்துப் புத்தகம்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கரையானா? எம்பொட்டியிலயா? மாசாமாசம் வேப்பெண்ணெ தடவி வெய்யக் காட்டி வச்சிருக்கனுங்க. யாரு சொன்னது?"

நான் என் அம்மாவின் பெயரையும் வருடத்தையும் சொன்னேன். எடுத்துக் காட்டினார். எழுத்து அச்சுப்போல இருந்தது. ஆண் குழந்தை, தை மாதம்.

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தின் கீழே தேதி உண்டு. அதற்கு முந்தைய ஆவணி. ஆவணியிலிருந்து தை, ஐந்து மாதம்.

மதுரை ஆட்டத்தின்போது எனக்குப் பதினான்கு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத் தேதியே எனக்குச் சலுகை காட்டியிருந்தது. ஐந்து நிறையாமலே காதைத் தொட்டது, ஒன்றரை வயதில் முழு வாக்கியம் பேசியது, சாவி அடுக்கியது எல்லாம் என் வயதில் ஒன்பது மாதத்தைக் குறைத்த ஒரு கழித்தல் கணக்கு. என் கை நீளமானதுதான். ஆனால் அன்றைக்குக் காது எட்டியது அதனால் அல்ல.

"இதே பக்கத்தப் பாக்கணும்னு சில வருசத்துக்கு முன்னால ஒருத்தர் வந்தாருங்க" என்றார் முன்சீப். "கையெல்லாம் செவப்பா, ஒரு பாய். மோர் குடுத்தா, நோன்புன்னு வேண்டாம்னுட்டாரு. தேதியப் பாத்தாரு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணாலம் எப்பங்க ஆச்சுன்னு கேட்டாரு. நானும் வெவரம் இல்லாம சொல்லிப்போட்டேன். செத்த நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. நகல் எழுதித் தரட்டுமான்னேன். வேணாமுங்க, நான் பாக்கலைன்னே வச்சுக்கங்கன்னு போட்டு எந்திரிச்சுப் போனாரு."

அந்தக் கட்டுரை வெளிவந்தது. முன்சீப்பின் எழுத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு செய்தியிலும் யாருக்கு என்ன தெரியும், எப்போதிருந்து தெரியும் என்று கேட்டுப் பழகியவன் நான். இதிலும் கேட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால்தான் பெயரை மாற்றச் சம்மதித்தார், புத்தகத்தைத் தேடச் சம்மதிக்கவில்லை. பாய் வெறுங்கையோடு திரும்பியபோது, அவர் பார்த்துவிட்டார் என்பது அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். மதுரையில் அத்தனை சத்தம் போட்டது கோபத்தால் இல்லை, பயத்தால். நாளைக்கு பாய் வாய் திறந்தாலும், பழி தாங்காமல் அவதூறு சொல்கிறார் என்று ஊர் சொல்ல வேண்டும். சாட்சியை முன்கூட்டியே கெடுத்துவைப்பது. வழக்குச் செய்திகளில் இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே நடந்ததைத்தான் தாமதமாகப் பார்த்தேன்.

பெயரை மாற்றிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்ற மனிதர், அதே வாரத்தில், நோன்பு திறக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, எங்கள் வாசலில் நின்று பொய் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய். அதற்காகத் தன் இறைவனிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய நம்பிக்கையைப் பற்றி எழுதும் தகுதியும் எனக்கில்லை.

அதற்குப் பிறகு அவரை எத்தனையோ தடவை பார்த்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு பட்டு அவர் மூடிவைத்தது வீணாகிவிடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதி, எனக்கும் வெட்கமாக இருந்தது. அப்பா இறந்த பிறகும் அம்மா இருந்தாள், வெளியூரில் என் வீட்டில். நான் திண்டுக்கல்லுக்கு வந்து போனில் கூப்பிடும்போதெல்லாம், "பாய் நல்லாருக்காரா?" என்று கேட்பாள். "இருக்காரு" என்பேன். அவளுக்கும் எனக்கும் அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. போன வருடம் அவளும் போய்விட்டாள். இந்த மாதம் பாய்.

ஆகவே ரைட் பேக்குக்கும், கட்டைவிரல் தூக்கிய இருவருக்கும், அன்று பஸ்ஸில் சிரித்தவர்களுக்கும்: பாய் தன் அக்கா மகனுக்காக என்னை ஒதுக்கவில்லை. நான் வயது மீறியவன். அந்த இடம் எனக்கு உரியது அல்ல.

இதைக் குழுவில் போடுவதற்கு முன்னால் ஒருவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. பாய் பேசாமல் இருந்ததில் அடிபட்டவர் பாய் மட்டும் இல்லை.

அவன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்று, ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருக்கிறான். நம் குழுவில் இல்லை. யாரும் சேர்க்கவில்லை. நேற்றுக் காலை போனபோது தரையில் உட்கார்ந்து மிக்ஸி ஜாரின் அடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அடக்கத்தின்போது அவனைப் பார்த்தேன். கடைசி வரிசையில் நின்று, மண் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போனான்.

"வா. என்ன, காலு வலிக்குதா? அந்த நாற்காலில ஒக்காரு" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி சொல்வது போலத்தான் சொன்னேன், வேறு மாதிரி எனக்கு வராது. அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"மாமு எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல" என்றான்.

"சொல்லிருந்தா நீ என்ன பண்ணிருப்ப?"

"ஒங்கிட்ட சொல்லிருப்பேன். அன்னைக்கு பஸ்ஸுலயே சொல்லிருப்பேன்." லேசாகச் சிரித்தான். "அதான் சொல்லல போல."

அவன் மனைவி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவன் எடுக்கவில்லை.

"நாப்பது வருஷத்துக்கு மேல அவரு வீட்டுல நல்லது கெட்டது எதுக்கும் நான் முழுசா நின்னதில்ல, தெரியுமா? போவேன், தலயக் காட்டுவேன், வந்துருவேன். எனக்காக ஒருத்தன் எடத்தப் புடுங்குனாரேன்னு. அந்தப் பேச்ச என்னால செமக்க முடியல. அவரு ஒரு தடவகூட என்னன்னு கேக்கல."

நான் டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அப்ப, அன்னைக்கு நான் நின்னது நியாயந்தானா?"

"நியாயந்தான். ஒன்னோட எடந்தான்."

அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தான். "அந்த ரெண்டாவது கோலு. அது புடிக்கிற பந்துதான். வர்றது தெரியுது. காலு நகரல. பின்னாடி நீ நின்ன. அடுத்தவன் எடத்துல நிக்கிறோம், இவன் பாத்துக்கிட்டிருக்கான்னு அதே நெனப்பு. காலு மரம் மாதிரி ஆயிருச்சு."

எழுந்தான். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பந்து வந்த திசையைக் காட்டினான். டி.வி. பக்கத்திலிருந்து அலமாரிப் பக்கம்.

"இப்படித்தான் வந்துச்சு. தரையோட."

சுவரிலிருந்து கையை எடுத்தான். இடது காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்து, மெல்லக் குனிந்து, இரண்டு கையையும் தரைக்குக் கொண்டுபோனான். அந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தான்.

உள்ளேயிருந்து அவன் மனைவி, "என்னங்க பண்றீங்க? இடுப்புப் புடிச்சுக்கும்" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் அவன். பிறகு தன் இரண்டு கால்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்.

"இம்புட்டுதான். ஒரு எட்டு."